சர்க்கார் முள்ளும் ரப்பர் சக்கரமும்

இந்திய வேளாண்மை இயந்திரமயமான வரலாறு பெரும்பாலும் குதிரைத்திறன், விற்பனை, கடன் ஆகியவற்றின் வழியாகவே சொல்லப்படுகிறது. வறண்ட மாவட்டங்களில் டிராக்டர் டயரில் ஏறும் முள்ளுக்கு அதில் அரிதாகவே இடம் கிடைக்கிறது. முள் இயற்கையின் பகுதி, பஞ்சர் தற்செயல் என்னும் எண்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் இன்று டயரைத் துளைக்கும் முள்ளும் துளைபடும் ரப்பர் சக்கரமும் கொள்கை முடிவுகளின் வழியே வயலுக்கு வந்தவை.

இரும்புப் பட்டை பூட்டிய மரச்சக்கரத்துக்கு முள் ஒரு பொருட்டன்று. கருவேலும் இலந்தையும் நிறைந்த நிலங்களில் மாட்டுவண்டி தலைமுறை தலைமுறையாக ஓடியது. வெட்டிய முட்கிளைகளை வரப்பில் அடுக்கி வேலியிடுவது தக்காணத்திலும் ராஜஸ்தானத்திலும் பொதுவழக்கம். அந்த முள்ளுக்கு அஞ்சவேண்டியவை மனிதக் காலும் கால்நடையுமே. முதற்காலத்து டிராக்டர்களும் இரும்புப் பற்கள் பொருத்திய எஃகுச் சக்கரங்களில்தான் ஓடின.

1876இல் மதராஸ் மாகாண வனப் பாதுகாவலர் ஆர். எச். பெடோம், வறண்ட பகுதிகளில் விறகுத் தோப்பு வளர்க்கப் புரோசோபிஸ் விதைகளைத் தருவிக்கக் கோரி வருவாய்த் துறைக்கு எழுதினார். 1878இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் அது நடப்பட்டது. 1940இல் ஜோத்பூர் சமஸ்தானம் அதற்கு அரச மரியாதை அளித்துப் பாதுகாத்தது. 1961இல் குஜராத் வனத்துறை, கட்ச் பாலைவனம் பரவாமல் தடுக்கும் நோக்கில், பன்னி புல்வெளியில் 31,550 ஹெக்டேரில் அதை வளர்த்தது. ஊர்ப்பெயர்களும் இவ்வரலாற்றைப் பதிந்து வைத்துள்ளன. தெலுங்கில் அது ‘சர்க்கார் தும்மா’, இந்தியில் ‘விலாயதி பபூல்’, தமிழில் சீமைக்கருவேலம். கட்ச் மக்கள் இட்ட பெயர் ‘காண்டோ பாவள்’, அதாவது பித்துப்பிடித்த கருவேல்.

இனிப்பான காய்களை ஆடுமாடுகள் தின்ன, விதைகள் சாணத்தின் வழியே தோப்புகளைக் கடந்து மேய்ச்சல் நிலத்துக்கும் ஏரிக்கரைக்கும் தரிசுக்கும் பரவின. 5 செ.மீ. வரை நீளும் அதன் முள், கிளை காய்ந்த பின்னும் உறுதி குன்றுவதில்லை.

ரப்பர் சக்கரம் வேறு வழியில் வந்தது. 1932இல் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம், ஃபயர்ஸ்டோனின் விமான டயர்களைக் கொண்டு சோதனை நடத்தியபின், காற்றடைத்த டயருடன் டிராக்டரை விற்பனைக்குக் கொணர்ந்தது. எரிபொருள் மிச்சமானது, வயலிலிருந்து சாலைக்கு ஏற முடிந்தது. 1936இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் டன்லப் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. வண்டிகளின் இரும்புப் பட்டை சாலையை அறுப்பதாகக் கருதிய பொறியாளர்கள் ரப்பர் டயர் வண்டியை ஆதரித்தனர். 1947இல் உருவான மத்திய டிராக்டர் அமைப்பு, கான்ஸ் புல் மண்டிய மத்திய இந்திய நிலங்களை மீட்கப் பயன்படுத்தியவற்றுள் சங்கிலித் தடத்தில் ஓடும் கனரக டிராக்டர்கள் முதன்மையானவை; அவற்றை முள் தடுக்காது. ஆனால் 1959இல் ஃபரீதாபாத்தின் ஐஷர், 1960இல் சென்னையின் டாஃபே எனத் தொடங்கிய உள்நாட்டுத் தொழில் உழவருக்கு அளித்தது ரப்பர் சக்கர டிராக்டரையே.

மண்ணை அழுத்தாமல் இறுகப் பற்றுவதற்காக டிராக்டர் டயரில் குறைந்த காற்றழுத்தமே வைக்கப்படுகிறது. தளர்ந்த ரப்பர் முள்ளின்மேல் படிகிறது. டயரின் கட்டைகள் தடித்தவை; அவற்றின் இடைவெளியில் ரப்பர் மெலிது. முள் அங்கே நுழைந்து அடி முறிகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் டயர் அழுங்கி விரியும் அசைவு, முறிந்த நுனியை மெல்ல மெல்ல டியூபை நோக்கித் தள்ளுகிறது. எனவே முள் ஏறிய வயலும் காற்று இறங்கும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. டியூபை மட்டும் ஒட்டி, டயரின் உட்புறத்தைத் துழாவாமல் மாட்டினால், அதே நுனி மீண்டும் குத்தும்.

தடுப்பு முறைகள் பலவாயினும் ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. பழைய டயர்த் துண்டை உள்ளே அணையாக வைப்பது மலிவானது. ஆனால் அது நகர்ந்து டியூபை உராயும். துளையடைக்கும் திரவம் சிறு துளைக்கு உதவும். பக்கச்சுவர்க் கிழிசலுக்கு உதவாது. டயரை நுரைப்பொருளால் முழுவதும் நிரப்பினால் பஞ்சர் இல்லை. எடையும் விலையும் மிகும். எடைக்காக நீர் நிரப்புவது முள்ளைத் தடுக்காது. பழுதுபார்ப்பதை மேலும் கடினமாக்கும். நிலத்திலேயே செய்யும் தடுப்பு இவற்றினும் உறுதியானது. ஆனால் சீமைக்கருவேலைத் தரைமட்டத்தில் வெட்டினால் வேர்க்கழுத்திலிருந்து பல தண்டுகள் துளிர்க்கும்; எஞ்சும் கூரிய அடிக்கட்டை முள்ளைவிடக் கொடியது. வேரோடு அகழ்ந்து, உதிர்ந்த கிளைகளை உழவுக்கு முன்பே பொறுக்கி அகற்றவேண்டும். அது கூலியும் நாளும் கேட்கும் வேலை.

இச்செலவின் சுமை சமமாக விழுவதில்லை. சிறு உழவர் பலருக்கு டிராக்டர் மணிக்கணக்கு வாடகையில் வருவது. முட்செடி மண்டிய தரிசில் தன் டயரை இறக்க அதன் உரிமையாளர் தயங்குவது இயல்பு. உழப்படாத தரிசு மேலும் ஓராண்டு தரிசாகக் கிடக்கிறது, செடி அடர்கிறது, அடுத்த ஆண்டு அதைத் திருத்தும் செலவு இன்னும் கூடுகிறது. முள் இங்கே டியூபை மட்டுமன்றி, நிலம் பயிருக்குத் திரும்பும் வழியையும் அடைக்கிறது.

விறகுத் தோப்பு ஹெக்டேரில் கணக்கிடப்பட்டது. இயந்திரமயமாக்கம் டிராக்டர்களின் எண்ணிக்கையில் கணக்கிடப்பட்டது. இரண்டும் ஒரே வயலில் சந்தித்ததன் செலவு உழவர் வீட்டுக் கணக்கில் சேர்ந்தது. தனி உழவர் தம் வயலைத் திருத்தினாலும், விதை பொதுநிலத்திலிருந்தே மீண்டும் வருகிறது. ஆகையால் டயரைக் காப்பது டயர்க்கடையோடு முடியும் செயலன்று. ஏரிக்கரையிலும் மேய்ச்சல் நிலத்திலும் சீமைக்கருவேலை வேரோடு அகற்றும் பொதுப்பணியும், சிறு உழவரின் தரிசைத் திருத்தும் கூலிக்கு உதவியும், அம்மரத்தை நட்டுப் பரப்பிய அரசின் கடமையில் அடங்கும்.