ஊர் எடுத்துக்கொண்ட பாட்டு

1995 ஏப்ரல். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பெரிய அரங்கு ஒன்றில் கச்சேரிக்கு முந்தைய சவுண்ட் செக். ஒயாசிஸ் குழுவின் நோயல் கேலகர் கிதாரை மீட்டியபடி, சில நாள் முன்பு பாரிஸில் கைக்கு வந்த ஒரு மெட்டுக்கு வாய்க்கு வந்ததை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தம்பி லியாமின் காதில் அது 'சேலி' என்று ஒரு பெண்பெயராக விழுந்தது. அப்படியா பாடுகிறாய் என்று கேட்டார். நோயல் பாடியது அதுவல்ல. ஆனால் பெயர் பிடித்துப்போய்ப் பல்லவியிலேயே வைத்துக்கொண்டார். அன்றிரவே தனியாக மேடையேறி அந்தப் பாட்டைப் பாடினார். அப்போது அதற்குத் தலைப்புகூடக் கிடையாது.

பிறகுதான் 'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்' என்ற பெயர் வந்தது. நடந்ததைக் கோபத்தோடு திரும்பிப் பார்க்காதே என்று பொருள்.

ஒயாசிஸில் பாட்டு எழுதுவது அண்ணன், பாடுவது தம்பி. அந்த ஆண்டு நோயல் இரண்டு பாட்டுகளை முன்னால் வைத்து, ஒன்றை நான் பாடுவேன், உனக்கு எது வேண்டும் என்றார். லியாம் 'வொண்டர்வால்' பாட்டை எடுத்துக்கொண்டார். மீந்தது இது. குழுவின் பிரதானக் குரல் தொடாத பாட்டு என்பது இதற்குக் குறையாகவில்லை. நோயலின் குரல் நம் பக்கத்தில் நிற்பவன் பாடுவதுபோல் இருப்பதால் கேட்பவர்க்கும் கூடப்பாடக் கூச்சம் வருவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேல்ஸ் நாட்டின் மான்மத் அருகே, பண்ணைவீடாக இருந்து ஒலிப்பதிவுக்கூடமான ராக்ஃபீல்டில் பாட்டு பதிவானது. தொடக்கப் பியானோ ஜான் லெனனின் 'இமேஜின்' பாட்டை அப்படியே நினைவூட்டும். நோயல் அதை மறைத்ததே இல்லை. திருட்டு என்று இதை ஒதுக்குபவர்கள் அடுத்து நடப்பதைக் கவனிக்கவில்லை. பாட்டு சி மேஜரில் போகிறது. நம் கணக்கில் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். சரணத்தின் நான்காவது கார்டில் அந்த வரிசையில் இல்லாத சுத்த தைவதம் திடீரென்று எட்டிப்பார்க்கிறது. பல்லவிக்கு ஏறும் இடத்தில், எஃப் மேஜர் எஃப் மைனராக மாறும்போது, அதே ஸ்வரம் மறுபடி வருகிறது. களிப்பான பாட்டுக்குள் துக்கம் கசிவது அந்த ஒரு ஸ்வரத்தால்தான். அது கடந்ததும் பல்லவி அகலமாகத் திறந்துகொள்கிறது. கூட்டம் பாடுவதற்கென்றே அளவெடுத்ததுபோல.

வெளியிட்டது ஆலன் மெக்கீயின் கிரியேஷன் ரெக்கார்ட்ஸ். சுயேச்சை நிறுவனம் என்றாலும் 1992-இலேயே அதில் ஏறத்தாழப் பாதியை சோனி வாங்கியிருந்தது. அதனால் இது இண்டி பாட்டா என்று இன்னும் சிலர் வாதாடுகிறார்கள். 1996 பிப்ரவரியில் வந்த சிங்கிள் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. உறையில் பூக்களால் சூழப்பட்ட டிரம் செட்; பீட்டில்ஸிடம் கோபித்துக்கொண்டு போன ரிங்கோ ஸ்டார் திரும்பியபோது நண்பர்கள் அவர் டிரம்ஸைப் பூவால் மூடிவைத்திருந்த கதைக்கு மரியாதை அது. ஆகஸ்டில் நெப்வொர்த்தில் இரண்டு இரவுகளில் இரண்டரை லட்சம் பேர் ஒயாசிஸைக் கேட்டார்கள். 2009-இல் பாரிஸில் அண்ணன் தம்பி சண்டையில் குழு உடைந்தது. அதன்பின் நோயல் தன் கச்சேரிகளில் பல்லவி வரும்போது கூட்டத்திடமே அதை விட்டுவிடுவார்.

2017 மே 22 இரவு, கேலகர் சகோதரர்களின் சொந்த ஊரான மான்செஸ்டரில் அரியானா கிராண்டே கச்சேரி முடிந்து ஜனம் வெளியேறும் நேரத்தில் குண்டு வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். பலர் சிறுவர் சிறுமியர். மூன்று நாள் கழித்துக் காலை பதினொரு மணிக்கு நாடு முழுவதும் ஒரு நிமிட மௌனம். செயின்ட் ஆன் சதுக்கம் பூங்கொத்துகளால் நிறைந்திருந்தது. நிமிடம் முடிந்தும் யாரும் அசையவில்லை. அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது பூக்களைக் கையில் ஏந்தி நின்ற ஒரு பெண் மெல்லிய குரலில் இந்தப் பாட்டைத் தொடங்கினார். பக்கத்தில் இரண்டொருவர் சேர்ந்தார்கள். பல்லவிக்கு வந்தபோது சதுக்கமே பாடியது. எந்த அதிகாரியும் தேர்ந்து கொடுத்த பாட்டல்ல அது. சரணத்தின் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டாதவை என்று விமர்சகர்கள் குறைசொன்னதுண்டு. அந்த இடைவெளியில்தான் அன்று ஒரு நகரத்துக்குத் தன் துயரத்தை வைக்க இடம் கிடைத்தது. கோபம் வர எல்லா நியாயமும் இருந்த நாளில், கோபம் வேண்டாம் என்ற பாட்டை அந்த ஜனம் எடுத்துக்கொண்டதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஜூன் 4 நினைவுக் கச்சேரியில் நோயல் இல்லை. கோல்ட்பிளேயின் கிறிஸ் மார்ட்டின் அரியானாவோடு நின்று பாடினார். ஜூன் 13 அன்று பாரிஸ் மைதானத்தில் இங்கிலாந்து–பிரான்ஸ் கால்பந்து ஆட்டத்துக்கு முன் பிரெஞ்சுக் குடியரசுக் காவற்படையின் வாத்தியக் குழு அதை வாசித்தது.

2025 ஜூலையில் கார்டிஃப் நகரில் சகோதரர்கள் மீண்டும் ஒரே மேடைக்கு வந்தார்கள். கடைசிப் பகுதியில் இந்தப் பாட்டு, அடுத்து 'வொண்டர்வால்'. 1995-இல் பிரித்துக்கொண்டபடியே, இது அண்ணனுக்கு, அது தம்பிக்கு. பல்லவி மட்டும் வந்திருந்த ஜனத்துக்கு.