விழிஞ்சமும் முப்பந்தலும்: ஒரு தொழில் எப்போது பிறக்கிறது?

1991 அக்டோபரில், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உள்ள விழிஞ்சம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கடலலையே அதன் எரிபொருள். நிறுவுதிறன் 150 கிலோவாட். அலையிலிருந்து மின்சாரம் எடுத்து மின்கட்டமைப்பில் சேர்த்த நிலையங்கள் அன்று உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. இருபது ஆண்டுகள் கழித்து, 2011இல், அது கைவிடப்பட்டது. அதே வகையில் இரண்டாவது நிலையம் ஒன்று இந்தியக் கரையில் எழவில்லை.

அதே 1990களில், அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள், ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலில் காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. இன்று தமிழ்நாட்டின் காற்றாலை நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. விழிஞ்சமும் ஆரல்வாய்மொழியும் 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாற்றி வரையப்படும்வரை ஒரே ஆட்சிப் பரப்பில் இருந்தவை. இரண்டின் மீதும் ஒரே தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. தூய தொழில்நுட்பத்தில் ஒரு வட்டாரத் தொழில் எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு உருவாகாமற்போகிறது என்று ஆராய்வோர்க்கு இவற்றை அருகருகே வைத்துப் படிப்பதைவிடச் சிறந்த பாடம் அரிது.

விழிஞ்சத்தில் குறைவாக இருந்தது எது? அறிவு என்று சொல்ல இயலாது. 1963இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. 1973இல் மாநில அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரான் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. 1986இல் மரபுசாரா ஆற்றலுக்கென அனெர்ட் என்னும் முகமையும் இந்நகரிலேயே அமைந்தது. ஆய்வுக்கூடமும் பொறிஞரும் அரசு நிறுவனமும் இங்கே இருந்தன.

நிலையத்தின் வடிவமைப்பும் எளிமையானதன்று. சென்னை ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியல் துறையினர், நடுவண் அரசின் கடல் மேம்பாட்டுத் துறையின் ஆதரவோடு, 1983 முதல் இதில் உழைத்தனர். பத்து மீட்டர் அளவு ஆழத்தில், ஏறத்தாழ 3,000 டன் எடையுள்ள கான்கிரீட் பெட்டகம் ஒன்று கடலடியில் அமர்த்தப்பட்டது. அலை உட்புகும்போது பெட்டகத்தினுள் நீர்மட்டம் உயர்ந்து மேலுள்ள காற்றை வெளியே தள்ளும். அலை பின்வாங்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படும். காற்று எத்திசையில் பாய்ந்தாலும் ஒரே திசையில் சுழலும் வெல்ஸ் சுழலி, பெல்பாஸ்ட்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் வெல்ஸ் உருவாக்கிய கருவி, அங்கே பொருத்தப்பட்டது.

இடர்களும் விரைவிலேயே தெரியவந்தன. பருவமழைக் காலத்து அலைக்கும் கோடைக்காலத்து அலைக்கும் ஆற்றலில் பெரும் வேறுபாடு. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலேயே உற்பத்தி ஏறி இறங்கும். அலை தணிந்த கணங்களில் மின்னாக்கி மின்சாரம் தருவதற்கு மாறாகக் கட்டமைப்பிலிருந்தே மின்சாரம் வாங்கிச் சுழலும் நிலையும் ஏற்பட்டது. ஆய்வாளர்கள் ஒதுங்கிவிடவில்லை. சுழலியை மாற்றினர், மின்னாக்கியை மாற்றினர், ஜப்பானிய ஆய்வாளர்களோடு இணைந்து, வழிகாட்டித் தகடுகள் கொண்ட உந்துவிசைச் சுழலியைச் சோதித்தனர். இப்பணியை முன்னெடுத்தவர்களுள் ஒருவரான பேராசிரியர் எம். ரவீந்திரன், 1993இல் தொடங்கப்பட்ட தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். 2004 அளவில் அதே அலைமின்சாரத்தைக் கொண்டு நாளொன்றுக்கு 10,000 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் அமைப்பும் இங்கே இயங்கியது.

ஆயின் இக்கற்றல் முழுவதும் ஒரே பெட்டகத்துக்குள் நிகழ்ந்தது. கொல்லத்தை அடுத்த தங்கசேரித் துறைமுகத்தின் தடுப்புச் சுவரிலேயே பல காற்றறைகளை அமைத்து ஒரு மெகாவாட்டுக்குச் சற்று மேலான நிலையம் கட்டும் முன்மொழிவு இருந்தது. துறைமுகத்துக்கு எப்படியும் சுவர் வேண்டும். சுவரின் செலவையும் மின்நிலையத்தின் செலவையும் ஒன்றாக்கினால் மின்சாரம் மலிவாகும் என்பது அதன் தருக்கம். அது கட்டப்படவில்லை. முதல் நிலையத்தின் பிழைகளைத் திருத்திக்கொள்ள இரண்டாவது நிலையம் வாய்க்கவில்லை.

அலையாற்றல் உலகெங்கும் இடர்ப்பட்ட துறைதான். நார்வேயின் தொஃப்தெஸ்தாலனில் 1985இல் அமைக்கப்பட்ட 500 கிலோவாட் நிலையத்தை 1988இல் புயல் அழித்தது. ஆகவே விழிஞ்சம் தொடர்ந்திருந்தால் கேரளம் அலைமின்சாரத்தின் தாயகமாகியிருக்கும் என்று வாதிடுவது மிகை. என் வினா வேறு. தானே கண்டுபிடித்த கருவியோடு ஒரு கரை முடங்கியது. பிறர் கண்டுபிடித்த கருவியோடு அண்டைக் கணவாய் வளர்ந்தது. இது எவ்வாறு நிகழ்ந்தது?

விடையின் முதற்பகுதி அளவீட்டில் இருக்கிறது. பீர்மேட்டில் 1918இல் பிறந்து திருவனந்தபுரத்தில் 2001இல் மறைந்த வானிலை அறிஞர் அன்னா மாணி, இந்தியாவுக்கான கதிரவக் கதிர்வீச்சுத் தரவுகளை 1980இல் நூலாக்கினார். அதன்பின் நாடெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் காற்றின் வேகத்தை அளக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். வேகமானிகள் உட்பட அளவுகருவிகளை உள்நாட்டிலேயே செய்யவும் ஒரே தரத்துக்குக் கொண்டுவரவும் அவர் கொண்ட கவனம் புகழ்பெற்றது. எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு காற்று என்னும் அட்டவணை கையில் இருந்ததால்தான் காற்றாலையில் பணம் இடுவோர் கணக்குப் போட முடிந்தது.

இரண்டாவது பகுதி, தொடர் கொள்முதல். 1986 முதல் 1993 வரை தமிழ்நாடு மின்வாரியம் செயல்விளக்கத்துக்காக 120 காற்றாலைகளை நிறுவியது. மொத்தத் திறன் 19.355 மெகாவாட். தூத்துக்குடி, கயத்தாறு, முப்பந்தல் எனத் தென்மாவட்டங்களிலேயே பெரும்பகுதி அமைந்தது. ஒவ்வொன்றும் சிறியது, பல அயல்நாட்டு வடிவமைப்பு. ஆனால் 120 கருவிகளை நிறுத்தவும் பழுதுபார்க்கவும் ஆள்கள் பழகினர். அடுத்து ஆலை முதலாளிகள் வந்தனர். முதல் ஆண்டிலேயே முழுத் தேய்மானத்தை வருமானவரிக் கணக்கில் கழிக்கலாம். கணவாயில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பிகள் வழியே கோவையின் பஞ்சாலைக்குக் கொண்டுசெல்லலாம். காற்றுக் காலத்து மிகுதியை வாரியத்திடம் வரவு வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளலாம். மின்வெட்டால் அவதியுற்ற ஆலைகளுக்கு இது வரிச்சலுகை மட்டுமன்று. தறியும் கதிரும் நிற்காதிருக்க ஒரு வழி. கோபுரம், இறக்கை, கியர்பாக்ஸ் செய்யும் ஆலைகள் பின்னரே சென்னையைச் சுற்றியும் கோவைப் பகுதியிலும் வேர்கொண்டன.

முப்பந்தலைப் புகழ்ந்து முடித்துவிடவும் கூடாது. வரிச்சலுகை கருவியை வாங்கியதற்குக் கிடைத்தது. மின்சாரம் உற்பத்தி செய்ததற்கன்று. ஆகவே தரம் குறைந்த கருவிகளும் புகுந்தன. 1996இல் குறைந்தபட்ச மாற்றுவரி வந்ததும் முதலீடு சரிந்தது. கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் காற்றாற்றல் தொழில்நுட்ப மையம் சென்னையில் 1998இல்தான் அமைந்தது. கயத்தாற்றில் அதன் சோதனை நிலையம் பின்னர் வந்தது. தமிழ்நாடு முதலில் வாங்கியது, பிறகே சோதித்தது.

டென்மார்க் இவ்விரண்டையும் ஒருங்கே செய்தது. ரிசோவில் 1978இல் சோதனை நிலையம் தொடங்கப்பட்டது. 1979இல் காற்றாலை வாங்குவோருக்கு விலையில் 30 விழுக்காடு மானியம் அறிவிக்கப்பட்டது. ரிசோவின் ஒப்புதல் பெற்ற கருவிகளுக்கே மானியம் என்று விதிக்கப்பட்டது. உழவுக் கருவிகள் செய்துவந்த வெஸ்டாஸ் போன்ற நிறுவனங்கள் அந்த வாயில் வழியேதான் உலகச் சந்தைக்குச் சென்றன.

மூன்றையும் ஒப்பிட்டால் ஒரு முடிவு தெளிகிறது. ஒரு வட்டாரத் தொழில் முதல் கருவியால் பிறப்பதில்லை. வளத்தை அளந்து பொதுவில் வைக்கும் அமைப்பு, கருவியைச் சோதித்து உண்மை சொல்லும் அமைப்பு, பத்தாவது கருவியையும் நூறாவது கருவியையும் வாங்கும் கை ஆகிய மூன்றும் கூடும்போதே அது பிறக்கிறது. விழிஞ்சத்தில் முதலிரண்டும் ஓரளவு இருந்தன. மூன்றாவது அறவே இல்லை.

ஏன் இல்லை என்பதற்கும் வரலாறு உண்டு. 1940இல் பள்ளிவாசல், 1976இல் இடுக்கி எனக் கேரளத்தின் மின்சாரம் மலையாறுகளைச் சார்ந்தே வளர்ந்தது. மலிவான நீர்மின்சாரத்துக்குப் பழகிய மாநிலத்தில் விலை மிகுந்த புது மின்சாரத்துக்குப் பொறுமையான வாங்குநர் கிடைப்பது கடினம். பாலக்காட்டுக் கணவாயில், கஞ்சிக்கோட்டில், கேரள மின்வாரியம் 1995இல் தலா 225 கிலோவாட் திறனுள்ள ஒன்பது காற்றாலைகளை நிறுவியது. அதே கணவாயின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் காற்றாலைகள் காடாகப் பெருகியபோது, கேரளப் பக்கத்தில் வளர்ச்சி மிக மெல்லவே நிகழ்ந்தது.

இது பழங்கதை அன்று. 2023-24 நிதிநிலை அறிக்கையில் கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் பசுமை ஹைட்ரஜன் மையங்கள் அமைப்பதாகக் கேரள அரசு அறிவித்தது. 2025 மே 2 அன்று விழிஞ்சம் சர்வதேசத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் அலைத்தடுப்புச் சுவர் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுடையது. பாறைகளைக் குவித்து எழுப்பிய அச்சுவரில் காற்றறைகள் இல்லை. விழிஞ்சம் நிலையம் கைவிடப்பட்ட அதே 2011இல், ஸ்பெயினின் முத்ரிக்கு துறைமுகம் தன் தடுப்புச் சுவருக்குள் 16 சுழலிகளைப் பொருத்தி மின்சாரம் எடுக்கத் தொடங்கியது. தங்கசேரிக்கு எண்ணியதும் ஏறத்தாழ இதுவே.

ஹைட்ரஜன் மையங்களைப் பற்றி எழுதவிருக்கும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நிலையத்தின் திறன் என்ன, செலவு என்ன என்பதோடு நின்றுவிடாதீர்கள். அங்கே உற்பத்தியாகும் ஹைட்ரஜனை எந்த ஆலை, எந்தக் கப்பல், எந்தப் பேருந்து, எத்தனை ஆண்டுகளுக்கு, என்ன விலைக்கு வாங்க ஒப்பந்தம் செய்திருக்கிறது என்று கேளுங்கள். கருவியைச் சோதிப்பவர் யார், அச்சோதனை முடிவுகள் பொதுவில் கிடைக்குமா என்று கேளுங்கள். விழிஞ்சத்தில் இருபது ஆண்டுகள் உழைத்த பொறிஞர்கள் பலர் இன்று ஓய்வில் இருக்கும் வயதினர். அவர்களது நினைவுகளும் பதிவேடுகளும் வாய்மொழி வரலாறாகத் தொகுக்கப்பட வேண்டியவை. தோல்வியுற்ற முதல் கருவி விட்டுச்செல்லும் சொத்து அந்தப் பதிவேடுதான். அதையும் இழந்தால் அடுத்த தலைமுறை மீண்டும் முதல் கருவியிலிருந்தே தொடங்க நேரும்.