வடமேற்கு நிலப்பகுதிச் சட்டமன்றத்தில் சாலையும் சமூகநலமும்

கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிகளின் சட்டமன்றத்தில் கட்சிகள் இல்லை. தனித்துத் தேர்ந்தெடுக்கப்படும் 19 உறுப்பினர்களே முதல்வரையும் அமைச்சர்களையும் தமக்குள்ளிருந்து தெரிவு செய்கின்றனர். அமைச்சர்கள் அவையில் சிறுபான்மையினர் ஆதலின், ஊர்த்தேவைகளை முன்வைக்கும் ஏனைய உறுப்பினர்களின் வினாக்கள் வலிமை பெறுகின்றன. முன்னர் மெக்கன்சி ஆறு உறையும் பருவத்திலும் உருகும் பருவத்திலும் தலைநகர் எல்லோநைஃபின் சாலைத் தொடர்பு துண்டிக்கப்பட்டது. 2012 நவம்பரில் திறக்கப்பட்ட டே சோ பாலம் அந்நிலையை மாற்றியது. பனிச்சாலைக்கு மாற்றாக இனுவிக் – டுக்டோயாக்டுக் நெடுஞ்சாலை 2017இல் திறக்கப்பட்டது. எனினும், சிற்றூர்கள் பல இன்றும் குளிர்காலச் சாலையையும் விமானத்தையுமே நம்பியுள்ளன. நோயாளி மருத்துவமனையை அடைவதும், வீடு கட்டும் பொருள் வந்து சேர்வதும், உணவின் விலையும் அங்குப் போக்குவரத்தைச் சார்ந்தவை. ஆகவே, இவ்வவையின் சாலை வினாக்களை உட்கட்டமைப்பு என்னும் தலைப்பில் மட்டும் வகைப்படுத்தும் ஆய்வு, அவற்றுள் அடங்கிய சமூகநலக் கோரிக்கையைக் காணத் தவறும்.