ஒரே கோப்பை, இரண்டு பாதைகள்

சென்னையிலிருந்து ஒன்றாக வரும் இருப்புப்பாதை அரக்கோணத்தில் மும்பைக்கும் பெங்களூருக்குமாகப் பிரிகிறது. அவ்வூர்க்காரனான எனக்கு, ராமநாதன் கிருஷ்ணனையும் அவர் மகன் ரமேஷையும் நினைக்கும்போதெல்லாம் அந்தப் பிரிவுதான் மனத்தில் வந்து நிற்கும்.

1937இல் நாகர்கோவிலில் பிறந்த கிருஷ்ணனுக்குத் தந்தை டி. கே. ராமநாதனே ஆசான். 1953இல் விம்பிள்டன் சிறுவர் பிரிவு இறுதியாட்டத்தில் தோற்ற அவர், மறு ஆண்டே ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை வென்று அக்கோப்பையை ஏந்தினார். ஆசியர் எவரும் அதுவரை அதை வென்றதில்லை.

இன்றைய சிறுவனாக இருந்தால் அடுத்த படி தெளிவு: தொழில்முறை ஆட்டம், தரவரிசைப் புள்ளிகள், பரிசுப்பணம். அன்று தொழில்முறை ஆட்டக்காரருக்கு விம்பிள்டனின் கதவும் டேவிஸ் கோப்பையின் கதவும் அடைபட்டிருந்தன. பணம் பெற்று ஆடுவது கனவான்களுக்கு அழகல்ல என்பது சங்கங்களின் கொள்கை. 1958இல் விம்பிள்டன் பட்டம் வென்ற கூப்பர், அதன்பின் தொழில்முறைக் குழுவில் சேர்ந்துவிட்டார்.

அந்தக் குழுவை நடத்திய ஜாக் கிரேமர், 1959இல் கிருஷ்ணனையும் அழைத்தார். மூன்றாண்டுகளுக்கு 1,50,000 டாலர். அந்நாளில் இந்தியக் குடும்பம் எதற்கும் எண்ணிப் பார்க்கவும் அரிய தொகை. கிருஷ்ணன் மறுத்தார்.

மறுத்ததன் பயனை நாம் அனுபவித்தோம். 1960இலும் 1961இலும் அவர் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். முதல் முறை நீல் ஃபிரேசரிடமும் அடுத்த முறை ராட் லேவரிடமும் தோற்றார். இருவருமே அந்தந்த ஆண்டின் வாகையர். 1966இல் கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கோப்பைப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோச்சுடன் மோதினார். 1-2 எனச் செட்களில் பின்தங்கி, நான்காவது செட்டிலும் 2-5 என்றிருந்த நிலையிலிருந்து மீண்டு வென்றார். இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றை எட்டியது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 1-4 எனத் தோற்றோம். அந்த ஒரு வெற்றி கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப்-ரோச் இணையை வீழ்த்தியது.

1968இல் அக்கதவு திறந்தது. தொழில்முறையாளரும் அமெச்சூர்களும் ஒரே களத்தில் ஆடலாம் என்றாயிற்று. அவ்வாண்டு விம்பிள்டனை வென்றவர், இடையில் தொழில்முறைக்குப் போயிருந்த அதே லேவர். கிருஷ்ணனுக்கு அப்போது வயது 31. அவருடைய சிறந்த பருவம் கடந்துவிட்டிருந்தது.

தந்தை வென்ற அதே சிறுவர் கோப்பையை, 25 ஆண்டுகள் கழித்து 1979இல் ரமேஷ் வென்றார். அவருக்குத் தெரிவு செய்யும் வேதனை இல்லை. தொழில்முறையில் இறங்கி 1981இல் மணிலாவில் பட்டம் வென்றார். 1985இல் உலகத் தரவரிசையில் 23ஆம் இடம். 1986இல் விம்பிள்டன் காலிறுதி. 1987இல் டேவிஸ் கோப்பை இறுதிக்கும் நாட்டுக்காகச் சென்றார். தந்தை ஒன்றைத் துறந்து பெற்றதை மகன் எதையும் துறக்காமலே பெற்றார்.

கிருஷ்ணனின் மறுப்பைத் தியாகம் என்று போற்றிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் வருமானத்தையும் நாட்டையும் எதிரெதிரே நிறுத்திய அந்த விதி யாருக்குச் சாதகமானது? பரம்பரைச் சொத்துள்ளவருக்கே. உழைத்துப் பிழைக்க வேண்டிய வீட்டுப் பிள்ளையிடம் அது கேட்ட விலை அதிகம். அந்த விலையைக் கொடுத்த ஒருவர் நம்மிடையே பிறந்தார் என்று பெருமைப்படலாம். அவ்விதி ஒழிந்ததற்கு அதைவிடவும் மகிழலாம்.