துப்பாக்கிக் குழலும் ஒரு செம்பு வெந்நீரும்

பாஞ்சாலங்குறிச்சி என்றாலே வாளும் வேலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1801-ல் கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே உள்ள அந்தக் கரிசல் பூமியில் துப்பாக்கிகளும் முழங்கின. கும்பினிப் படையிடம் 'பிரவுன் பெஸ்' தீக்கல் துப்பாக்கிகள். ஊமைத்துரையின் வீரர்களிடம் நீண்ட ஈட்டிகளோடு திரித்துப்பாக்கிகள்.

இரு தரப்புக்கும் பொதுவான எதிரி ஒன்று இருந்தது. அதுதான் குழலுக்குள் படியும் கசடு!

அன்றைய வெடிமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். அது எரிந்ததும் பாதிக்கு மேற்பட்ட எடை புகையாகவும் கசடாகவும் மிஞ்சும். சில முறை சுட்டாலே குழல் அடைத்துக் கொள்ளும். அதனால்தான் பிரவுன் பெஸ்ஸின் குழல் 0.75 அங்குலம் என்றால், குண்டு சுமார் 0.69 அங்குலம் மட்டுமே. குண்டு எளிதாக இறங்கும், ஆனால் குறி தவறும். கசடில் உள்ள உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவாக்கும். இதற்கு மருந்து மிக எளிது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும்.

1801 மார்ச் 31-ல் கோட்டையைத் தாக்கிய கும்பினிப் படை தோற்றுத் திரும்பியது. மே 24-ல் கோட்டை விழுந்தது. நவம்பர் 16-ல் ஊமைத்துரை தூக்கிலிடப்பட்டார். டிசம்பர் 1-ல் கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பால் பாளையக்காரர் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதே குற்றமாயிற்று. 1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் நாடு முழுவதும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது.

19-ம் நூற்றாண்டின் இறுதியில் புகையற்ற மருந்து வந்தது. கசடு குறைந்தது, துரு மட்டும் போகவில்லை. எண்ணெய் பூசினாலும் மறுபடி துருப்பிடித்தது. அமெரிக்கச் சுரங்கத் துறையின் வில்பர்ட் ஹஃப் 1922-ல் வெளியான ஆய்வில் காரணத்தைக் காட்டினார். தோட்டாவின் அடியில் தீ மூட்டும் கலவையில் இருந்த பொட்டாசியம் குளோரேட், எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகிறது. உப்பு எண்ணெயில் கரையுமா? தண்ணீரில்தான் கரையும்! பிற்காலத்தில் மண்ணெண்ணெய், அசிட்டோன், தானியங்கி டிரான்ஸ்மிஷன் திரவம் (ATF) முதலியவற்றைக் கலந்து வீட்டிலேயே தயாரித்த 'எட்ஸ் ரெட்' அமெரிக்காவில் புகழ்பெற்றது. ஆனால் இந்த உப்பைப் போக்க அதுவும் போதாது. முதலில் வெந்நீர் வேண்டும்.

அந்தப் பொட்டாசியம் குளோரேட் கோவில்பட்டிக்குப் புதிதல்ல. மழை குறைந்த இந்த மண்ணில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலில், குச்சியின் தலையில் இருப்பது அதுவேதான். ஆயுதம் பறிக்கப்பட்ட பூமியில், துப்பாக்கியைத் துருப்பிடிக்க வைத்த அதே பொருள் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தது என்பது வரலாற்றின் விந்தையே!