கடைமடை வென்ட்: திண்டுக்கல் சமவெளியில் லாரி ஏசியும் டாஷ்போர்டு டக்டும்

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் என்2, என்3 வகைச் சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் கேபினில் ஏசி இருந்தாக வேண்டும். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிவிக்கையின் சாரம் இது. மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் இதற்குள் வருகின்றன. சோதனைக்கு ஐஎஸ் 14618:2022 என்ற இந்தியத் தரம் குறிக்கப்பட்டிருக்கிறது. விதியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வண்டி விலை எவ்வளவு ஏறும், டீசல் எவ்வளவு கூடும் என்பதிலேயே நின்றுவிட்டது. கம்ப்ரசர் உண்டாக்கும் குளிர் எந்த வழியாக வந்து ஓட்டுநர் உடம்பைத் தொடும் என்ற கேள்வி அவ்வளவாக எழவில்லை. லாரி ஏசி உருப்படியானதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது டாஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் டக்ட் எனும் காற்றுக்குழாய்தான், அதிலும் குறிப்பாக ஓட்டுநரின் வலக்கை ஓரத்து வென்டுக்குப் போகும் கிளைதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்குத் திண்டுக்கல்லை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. மேற்கே பழனி மலைத் தொடர், கிழக்கே சிறுமலை, நடுவில் காய்ந்த சமவெளி. ஏப்ரல், மே பகல்களில் வெயில் 38 டிகிரியைத் தொடுவது வழக்கம். வடக்குத் தெற்காகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-உம் (பழைய 7) கோவையிலிருந்து பழனி வழியாகத் திருச்சிக்குப் போகும் 83-உம் இங்கே சந்திக்கின்றன. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளம் போகும் காய்கறி லோடும், வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளுக்கு வரும் பஞ்சும் இந்தச் சாலைகளில்தான் ஓடுகின்றன. பிற்பகல் மூன்று மணிக்கு மதுரை நோக்கிப் போகும் லாரியில் மேற்கு வெயில் வலப்பக்கக் கதவுக் கண்ணாடி வழியாக நேராக ஓட்டுநரின் தோளிலும் முழங்கையிலும் இறங்கும். அதே நேரம் கரூர் நோக்கிப் போகும் வண்டியில் அதைக் கிளீனர் வாங்கிக்கொள்வார். பழனிச் சாலையில் போனால் முன் கண்ணாடி வழியாக இருவர் முகத்திலும் அடிக்கும். ஆக, ஒரே கேபினுக்குள் வெப்பம் ஒரே சீராக விழுவதில்லை. சுமை அதிகமான மூலைக்குக் காற்றும் அதிகமாகப் போக வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நம் நாட்டில் ஸ்டியரிங் வலப்பக்கம். அந்தப் பக்கம் ஸ்டியரிங் தண்டு, பெடல்கள், மீட்டர், வயர் கட்டு எல்லாம் அடைத்துக்கொண்டிருப்பதால், புளோயரும் கூலிங் காயிலும் அடங்கிய பெட்டியை நடுவிலோ கிளீனர் பக்கத்திலோதான் வைக்க முடிகிறது. அங்கிருந்து நடு வென்டுக்கு ஒரு சாண், இரண்டு சாண் தூரம். வலது ஓர வென்டுக்கோ மீட்டர் பெட்டிக்கு மேலேயோ பின்னாலேயோ வளைந்து நெளிந்து, தட்டையாக நசுங்கித்தான் போக வேண்டும். கண்மாய் நிறையத் தண்ணீர் இருந்தும் கடைமடை வயல் காய்வது போல, வெயில் அதிகம் விழுகிற மூலைக்குக் காற்று கடைசியாகவும் குறைவாகவும் போய்ச் சேருகிறது.

நசுங்குவதால் என்ன கெட்டுவிடும், குறுக்களவின் பரப்பு குறையாமல் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவுள்ள சதுர டக்டின் பரப்பு 100 சதுர செ.மீ., சுற்றளவு 40 செ.மீ. அதையே 25-க்கு 4 என்று தட்டையாக்கினால் பரப்பு அதே 100, சுற்றளவோ 58. காற்று உரசிக்கொண்டு போகும் சுவர் ஏறக்குறைய பாதி அளவு கூடிவிடுகிறது. வளைவுகள் தரும் இழப்பு இதற்கு மேல். அந்த இழப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். ஓரிடத்தில் டக்ட் பாதியாக ஒடுங்கினால் அங்கே காற்றின் வேகம் இரண்டு மடங்கு, இழப்பு நான்கு மடங்கு.

உராய்வை விடப் பெரிய விஷயம் வெப்பம். அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸை எட்டியது. கேபின் காற்று 47 டிகிரி. லாரியின் நிமிர்ந்த அகலக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கறுப்பு டாஷ்போர்டுக்கு இது புதிதல்ல. அதன் அடிவயிற்றில் 60 டிகிரிச் சூட்டுக்குள் 10 டிகிரிக் காற்று ஒரு மீட்டர் தூரம் போவதாக வைத்துக்கொள்வோம். அளவு மணிக்கு 100 கன மீட்டர். மேலுறை எதுவும் இல்லை. சுவர் வழியாக ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 5 வாட் வெப்பம் கடக்கிறது. சதுர டக்டில் உள்ளே ஏறும் வெப்பம் 100 வாட். காற்று 3 டிகிரி சூடாகும். தட்டை டக்டில் 145 வாட், 4 டிகிரிக்கு மேல். 5 மி.மீ. ஃபோம் ஒட்டினால் தட்டை டக்டிலும் இது இரண்டரை டிகிரிக்கு இறங்கிவிடும். கம்ப்ரசரை ஓர் அளவு பெரிதாக்கிச் சாதிக்க நினைப்பதை இந்த ஃபோம் பட்டை சாதித்துவிடுகிறது. ஆனால் விளம்பரத்தில் கம்ப்ரசரைப் பற்றிப் பேசலாம். ஃபோமைப் பற்றிப் பேசி யார் லாரி விற்பது?

டக்டைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற மனப்பான்மைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1940-இல் பேக்கார்டு நிறுவனம் காரில் ஏசி வைத்து விற்றபோது கூலிங் காயில் பின்பக்க டிக்கியில் இருந்தது. குளிர் காற்று பின்சீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஏசியை நிறுத்த வேண்டுமானால் வண்டியை விட்டு இறங்கி பெல்ட்டைக் கழற்ற வேண்டும். எல்லாவற்றையும் பானெட்டுக்கும் டாஷ்போர்டுக்கும் கொண்டுவந்து, ஹீட்டரையும் குளிரையும் ஒரே காற்றுப் பாதையில் இணைத்தது 1954-இல் வந்த நாஷ் அம்பாசடர். நம் அம்பாசடரில் பலரும் கடையில் பொருத்திக்கொண்ட ஏசி, டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிட்ட ஒரு பெட்டி. டக்டே கிடையாது. முழங்கால் விறைத்துப்போகும், முகம் வேர்க்கும். மாருதி வந்த பிறகுதான் டாஷ்போர்டையும் ஏசியையும் சேர்த்து வரைவது இங்கே தொழிலாக ஊன்றியது. அதற்கான பாகங்களைச் செய்யும் சுப்ரோஸ் நிறுவனம் 1985-இல் தொடங்கியது. கார்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டன. லாரிகளில் ஒரு பகுதி இன்னும் தாண்டவில்லை என்பதே என் எண்ணம்.

ஏனென்றால் லாரியைக் கவுல் சேஸிஸாக (முழுக் கேபின் இல்லாத அடிச்சட்டமாக) வாங்கி, கேபினை நாமக்கல் போன்ற ஊர்களின் பட்டறையில் கட்டிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒப்புதல் வாங்குவது ஒரு மாதிரி வண்டி. பட்டறையில் உருவாகும் கேபினின் உயரம், தடுப்பு, படுக்கை, அலமாரி எல்லாம் உரிமையாளர் விருப்பப்படி மாறும். மாறும்போது முதலில் இடம் விட்டுக்கொடுப்பது டக்ட்தான். ஸ்பீக்கருக்கும் சாமி படத்துக்கும் போக மிச்சம் இருக்கும் சந்துக்குள் சுருள் ஹோஸை நுழைத்து முடித்துவிடுவார்கள். முழுதாக இழுத்து நீட்டப்படாத சுருள் ஹோஸ் வழவழப்பான குழாயை விடப் பல மடங்கு காற்றைத் தடுக்கும்.

இப்படிப்பட்ட டாஷ்போர்டு ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் கதை புரியும். பெட்டியின் வாயும் டக்டின் வாயும் சேரும் இடத்தில் கேஸ்கெட் இருக்காது, பழுப்பு பேக்கிங் டேப் சுற்றியிருக்கும். சூட்டில் அதன் பசை உருகி, டேப் ஒரு பக்கம் பிரிந்து தொங்கும். டக்டைத் தாங்குவது உள்ளே குறுக்கே போகும் இரும்புச் சட்டம் அல்ல, மேல்மூடியில் அடித்த இரண்டு ஸ்க்ரூ. அதிர்வில் துளை பெரிதாகி, டக்ட் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். புளோயரை ஓடவிட்டு இணைப்பருகே ஊதுபத்தியைப் பிடித்தால் புகை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்பதே கசிவைக் காட்டிவிடும். அங்கே வெளியேறும் குளிர் யாருக்கும் பயன்படாமல் ஃபியூஸ் பெட்டியைக் குளிர்விக்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் டக்டின் குளிரே தொல்லை. 30 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 24 டிகிரியிலேயே பனிக்கும். ஃபோம் இல்லாத 10 டிகிரி டக்டின் வெளிப்புறம் வேர்த்து, வயர் கனெக்டர்கள் மேல் சொட்டும். ஏசி போட்டதால் வயரிங் போச்சு என்று உரிமையாளர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. போட்டதால் அல்ல, போட்ட விதத்தால்.

சமவெளியை மட்டும் வைத்துப் பேசினால் வாதம் அரைகுறையாகிவிடும். திண்டுக்கல்லில் மதியம் கிளம்பி வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும் வண்டி, மாலைக்குள் 2,000 மீட்டருக்கு மேலே மூடுபனிக்குள் இருக்கும். அங்கே கண்ணாடியின் உட்புறம் படியும் பனியை விலக்க, ஈரம் உறிஞ்சப்பட்ட காற்று கண்ணாடி அடி வரிசைத் துளைகளுக்குப் போக வேண்டும். அதே பெட்டி, அதே புளோயர். பாதையை மாற்றுவது ஒரு பிளாப் மட்டும். அது சரியாக மூடாவிட்டால் தொல்லை தலைகீழாகும்: கீழே மழைக்காலத்தில் குளிர் காற்று கண்ணாடியில் கசிந்து, வெளிப்புறத்தில் பனி படியும். வைப்பர் போட்டால்தான் சாலை தெரியும். கண்ணாடித் துளைகளுக்கு இணைப்பே கொடுக்காத ஏசியை நான் பாதி ஏசி என்றுதான் சொல்வேன்.

லாரிக்கு ஏசியே தேவையா என்போரின் மறுப்புகளில் ஒன்று, கண்ணாடியை இறக்கிவிட்டால் போதும் என்பது. 38 டிகிரிக் காற்று தோலின் சூட்டை விட அதிகம். அது உடம்பிலிருந்து வெப்பத்தை எடுப்பதில்லை, கொடுக்கிறது. வேர்வை உலர்வது மட்டுமே மிச்சம், அதற்கு உடம்பின் நீர் செலவாகிறது. இன்னொரு மறுப்பு டீசல். இதை மதிக்கிறேன். ஆனால் செலவைக் கூட்டுவதில் மோசமான டக்டுக்கும் பங்குண்டு. அடைப்பால் காற்றில் 20 சதவீதம் குறைந்தால், அதைப் புளோயர் வேகத்தால் ஈடுகட்ட ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்சாரம் வேண்டும். கேபின் குளிராததால் கம்ப்ரசரும் நிற்காது.

டக்டைச் சரியாக அமைக்கும் வேலை யாருடையது என்பதும் தெளிவாக இல்லை. ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படிப்பு தனி, மோட்டார் வாகன மெக்கானிக் தனி, தகடு வேலை தனி. டக்ட் மூன்றுக்கும் நடுவே விழுந்து கிடக்கிறது. கேஸ் நிரப்பத் தெரிந்தவருக்குக் காற்றுப் பாதை வளைக்கத் தெரியாது. தகடு வளைப்பவருக்குப் பனிநிலை பற்றிச் சொல்ல ஆளில்லை. திண்டுக்கல், நாமக்கல் வட்டாரத்து ஐடிஐகள் இதற்கென ஒரு குறுகிய காலப் பயிற்சியைத் தொடங்கலாம். பூட்டுக்குத் தகடு வெட்டிப் பழகிய திண்டுக்கல்லுக்கு இது கடினமான வேலையல்ல.

சோதனையும் எளிதுதான். சரக்கு வாகனங்கள் முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) வந்தாக வேண்டும். அப்போது ஒரு கம்பித் தெர்மாமீட்டரால் நடு வென்டையும் வலது ஓர வென்டையும் அளக்கட்டும். வேறுபாடு 3 டிகிரிக்கு மேல் போனால் டக்டைச் சரிசெய்துவரச் சொல்லட்டும். மேலே போட்ட கணக்குப்படி ஃபோம் ஒட்டிய தட்டை டக்டே அந்த எல்லைக்குள் நிற்கும் என்பதால், பட்டறைக்காரரால் முடியாததைக் கேட்பதாகாது. விதியில் இதைச் சேர்க்கும் வரை லாரி உரிமையாளர் சங்கங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பாடி கட்டக் கொடுக்கும் ஒப்பந்தத்திலேயே இந்த 3 டிகிரியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வண்டியை எடுக்கும் அன்று பிற்பகல் வெயிலில் நிறுத்தி அளந்து பார்த்தபின் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.