மத்திய சிறையின் ஓர் இரவும் சில காகிதங்களும்

2009 தொடக்கத்தில், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பழைய மத்திய சிறையை இடிப்பதற்கு முன்னால் சில நாட்கள் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். கைதிகளை 2006-லேயே புழலுக்கு மாற்றியாகிவிட்டது. திருவல்லிக்கேணியிலிருந்து நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆராய்ச்சி எல்லாம் இல்லை, சும்மா வேடிக்கை பார்க்கத்தான். குடும்பம் குடும்பமாக வந்து செல்லுக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் ஒரு பிளாக் எதிரே ரொம்ப நேரம் நின்றார். நான் பக்கத்தில் போனதும், "இங்கதான் தம்பி, மிசாவுல அடிச்சாங்க" என்றார். யாரை, எப்போது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. அன்றிலிருந்து இந்த விஷயத்தை அவ்வப்போது தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. உடனே மிசா கைதுகள் ஆரம்பித்தன. சென்னையில் பிடிக்கப்பட்ட தி.மு.க., தி.க. ஆட்கள் பலரையும் இந்த மத்திய சிறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். பிப்ரவரி 2 இரவு அவர்களைச் சிறைக்குள்ளேயே அடித்தார்கள். அடிபட்டவர்களில் 22 வயது மு.க. ஸ்டாலினும் ஒருவர். அவர் மேல் விழ வேண்டிய அடியைக் குறுக்கே பாய்ந்து வாங்கிக்கொண்டவர் சிட்டிபாபு என்று கட்சிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். சிட்டிபாபு சாதாரண ஆள் இல்லை. சென்னையின் முன்னாள் மேயர். கைதானபோது செங்கல்பட்டுத் தொகுதியின் மக்களவை உறுப்பினர். சிறையில் அவர் டைரி எழுதினார். பின்னாளில் அது அச்சாகவும் வந்தது. ஆனால் அச்சில் பார்க்க அவர் இல்லை. உடல்நிலை மோசமாகி, எமர்ஜென்சி முடியும் முன்பே, 1977 ஜனவரி தொடக்கத்தில் இறந்துபோனார்.

அடி விழுந்ததற்கும் சாவுக்கும் நடுவில் 11 மாதம் இருக்கிறது. அரசியல் மேடையில் அந்த இரவைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னை உறுத்துவது அந்த 11 மாதம். ஒருவன் அடிபட்டான் என்றால் அதற்கு ஒரு இரவு, ஒரு கை, ஒரு தடி இருக்கும். வைத்தியம் பார்க்காமல் விட்டார்கள், சரியாகப் பார்க்கவில்லை என்றால் எதைக் காட்டுவது? ரிஜிஸ்டரைத்தான் காட்ட வேண்டும். அந்த ரிஜிஸ்டர் சிறைக்காரர்கள் கையில் இருக்கிறது.

அதே மாதம் இன்னொருவரும் போனார். சினேகலதா ரெட்டி. 'சம்ஸ்காரா' கன்னடப் படத்தில் நடித்தவர், நம்ம ஊர் 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' ஆங்கில நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். பரோடா டைனமைட் வழக்கை ஒட்டி 1976 மே மாதம் பிடித்து பெங்களூர் சிறையில் வைத்தார்கள். அவருக்கு நாள்பட்ட ஆஸ்துமா. தொடர்ந்து சிகிச்சை கிடைக்காமல் உடம்பு மோசமானது. 1977 ஜனவரி 15 பரோலில் விட்டார்கள், 20-ம் தேதி இறந்தார். அவரும் சிறையில் டைரி எழுதியிருந்தார். அதுவும் பிறகு புத்தகமானது. ஒரு யோசனைக்காகச் சொல்கிறேன்: இவரை யாரும் அடித்ததாகக் கதை இல்லை. மருந்தும் காற்றும் போதவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஏன் வழக்குப் போடவில்லை? மத்திய சிறையிலிருந்து ஹைகோர்ட் நடந்துபோகும் தூரம். உள்ளே இருந்தவர்கள் எம்.பி.க்கள், மாஜி மந்திரிகள், வக்கீல்களுக்கும் பஞ்சமில்லை. நானும் ரொம்ப நாள் இதைப் புரியாமல் இருந்தேன்.

விடை 1976 ஏப்ரல் 28-ல் இருக்கிறது. ஜபல்பூர் ஏ.டி.எம். வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் சொல்லும் தீர்ப்பு. எமர்ஜென்சியில் அடிப்படை உரிமைக்காகக் கோர்ட்டுக்குப் போகும் வழியை குடியரசுத் தலைவர் ஆணை அடைத்திருந்தது. ஆகவே மிசா கைதி ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 4-க்கு 1 என்று சொல்லிவிட்டது. விசாரணையில் நீதிபதி எச்.ஆர். கன்னா, போலீஸ்காரன் சொந்தப் பகையில் ஒருவனைக் கொன்றுவிட்டால்கூட வழியில்லையா என்று கேட்டார். இந்த ஆணை இருக்கும் வரை இல்லை என்பதுதான் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே தந்த பதில். மாற்றுத் தீர்ப்பு எழுதிய ஒரே ஆள் கன்னா. பெரும்பான்மைப் பக்கம் இருந்த நீதிபதி பெக், கைதிகளை அரசு நன்றாக வைத்துச் சோறு போட்டுக் கவனிக்கிறது, கிட்டத்தட்ட தாய் மாதிரி என்று எழுதினார். சென்னையில் அடி விழுந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை.

விடுதலைதான் கேட்கக் கூடாது, சிறைக்குள் நடத்தும் விதத்தைப் பற்றியாவது கேட்கலாமா? பழைய தீர்ப்பு ஒன்று சாதகமாக இருந்தது. 1965-ல் பிரபாகர் பாண்டுரங்க சன்ஸ்கிரி என்ற தடுப்புக் காவல் கைதி, சிறையில் தான் மராத்தியில் எழுதிய அணுவியல் புத்தகத்தின் கைப்பிரதியை வெளியே அனுப்பக் கேட்டார். அரசு மறுத்தது. சுப்ரீம் கோர்ட் அனுப்பச் சொன்னது. காவலில் வைத்த சட்டம் அனுமதிக்காத கூடுதல் கட்டுப்பாட்டைப் போட முடியாது என்பது அதன் சாரம். (அப்போதும் ஒருவித எமர்ஜென்சி இருந்தது, சீனப் போரை ஒட்டி.) ஆனால் 1977 ஜனவரியில், சிட்டிபாபுவும் சினேகலதாவும் இறந்த அதே மாதம், பானுதாஸ் கவ்டே வழக்கில் இந்த ஜன்னலையும் கோர்ட் சாத்தியது. காவலின் நிலைமைகளைப் பற்றியும் இப்போது கேள்வி கேட்க முடியாது என்றது.

இதே 1976-ல், நவம்பர் 30 அன்று, அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் ஒரு தீர்ப்பு வருகிறது. ஜே.டபிள்யூ. கேம்பிள் டெக்சாஸ் சிறைக் கைதி. 1973-ல் லாரியிலிருந்து பஞ்சு மூட்டை இறக்கும்போது ஒரு மூட்டை மேலே விழுந்து முதுகில் அடி. வலியோடு வேலை செய்ய முடியாது என்றதற்குத் தண்டனையும் கிடைத்தது. வக்கீல் இல்லாமல் கையால் எழுதி மனுப் போட்டார். கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே கண்டுகொள்ளாமல் விடுவது, அரசியல் சாசனம் தடுக்கும் கொடுந்தண்டனைக்குச் சமம் என்றது கோர்ட். உலகம் முழுக்க சிறை வைத்தியம் பற்றி எழுதுகிறவர்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்பு இது. இதில் வேடிக்கை என்னவென்றால் கேம்பிள் தோற்றுப்போனார். மூன்று மாதத்தில் சிறை மருத்துவ ஆட்கள் அவரை 17 தடவை பார்த்திருந்தார்கள். எக்ஸ்ரே எடுக்காதது மருத்துவத் தவறாக இருக்கலாம், கண்டுகொள்ளாமல் விட்டதாகாது என்று தள்ளிவிட்டார்கள். அந்தப் பதினேழு என்ற எண் அவருடைய மனுவிலேயே இருந்ததுதான். எத்தனை தடவை பார்த்தார்கள் என்று எண்ணலாம். எப்படிப் பார்த்தார்கள் என்பதை எந்தக் காகிதத்தில் தேடுவது?

எமர்ஜென்சி முடிந்ததும் இங்கே நீதிபதி மு.மு. இஸ்மாயில் தலைமையில் விசாரணை ஆணையம் வந்தது. நாகூர்க்காரர், கம்பராமாயண அறிஞர், கம்பன் கழக மேடைகளில் கேட்டவர்களுக்கு அவர் குரல் ஞாபகம் இருக்கும். பிறகு தலைமை நீதிபதியாகி, கேரளத்துக்கு மாற்றியபோது போக மாட்டேன் என்று பதவியை விட்டவர். சென்னைச் சிறையில் மிசா கைதிகள் அடிக்கப்பட்டது உண்மை என்று அவர் ஆணையம் பதிவுசெய்தது. நான் பார்த்தது ஜெராக்ஸின் ஜெராக்ஸ். பாதிப் பக்கம் மங்கல், ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது.

ஆனால் ஆணையம் கோர்ட் இல்லை. 1952-ம் வருஷ விசாரணை ஆணையச் சட்டப்படி அறிக்கை அரசுக்குப் போகும் ஒரு யோசனைதான், அரசைக் கட்டுப்படுத்தாது. சாட்சி சொன்னவர் ஆணையத்தில் சொன்னதை அவருக்கு எதிராக வேறு வழக்கில் பயன்படுத்தவும் முடியாது. நஷ்ட ஈடு என்ற பேச்சுக்கு அதில் இடமே இல்லை.

நஷ்ட ஈடு வேண்டுமென்றால் சிவில் வழக்கு. அங்கே கஸ்தூரிலால் நின்றுகொண்டிருந்தது. 1947-ல் மீரட் போலீஸ் ஒரு நகை வியாபாரியைச் சந்தேகத்தில் பிடித்து அவர் தங்கத்தைக் கைப்பற்றியது. மால்கானாவில் வைத்திருந்த தங்கத்தை எடுத்துக்கொண்டு ஹெட் கான்ஸ்டபிள் பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். தங்கம் கேட்டு வழக்கு. கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் அரசின் இறையாண்மைச் செயல், அதில் ஊழியர் செய்த தப்புக்கு அரசு பொறுப்பில்லை என்று 1964-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தங்கத்துக்கே இந்தக் கதி என்றால் முதுகெலும்புக்கு என்ன கிடைக்கும்?

கதவு திறந்தது ஒரு கடிதத்தால். 1979-ல் திகாரில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, பக்கத்துக் கைதிக்காக சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஒருவருக்கு எழுதினார். பணம் கேட்டு, பிரேம் சந்த் என்ற கைதியின் ஆசனவாயில் ஹெட் வார்டர் தடியைச் செருகிவிட்டார் என்று. கோர்ட் அந்தக் கடுதாசியையே மனுவாக எடுத்துக்கொண்டது. வக்கீல்களைச் சிறைக்கு அனுப்பியது. தீர்ப்பைப் படிக்கும்போது நான் நிறுத்திப் படித்த இடம், காயத்துக்குச் சிறைத் தரப்பு சொன்ன காரணங்கள். கீழே விழுந்தான், தானே செய்துகொண்டான், மூலநோய். எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுக்காரர், நம்ம சென்னை சட்டக் கல்லூரியில் படித்தவர். 1948-ல் ஒரு மாதம் தானே சிறையில் இருந்தார், 1957 கேரள மந்திரிசபையில் சிறைத்துறையைப் பார்த்தார். அந்தக் காரணங்களை அவர் நம்பவில்லை. ரிஜிஸ்டர் எப்படி எழுதப்படும் என்று இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர் அல்லவா.

அடுத்த கடிதம் ஒரிசாவிலிருந்து வந்தது. நீலாபதி பெஹரா என்ற தாய் 1988 செப்டம்பரில் எழுதியது. 22 வயது மகனை போலீஸ் கூட்டிப்போனது. மறுநாள் ரயில் பாதையில் சடலம். தப்பி ஓடி ரயிலில் அடிபட்டான் என்றது போலீஸ். 1993-ல் சுப்ரீம் கோர்ட் 1,50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னதோடு, அடிப்படை உரிமை மீறலுக்கு இறையாண்மை என்ற சாக்கு செல்லாது என்றும் சொன்னது. சாதாரண சிவில் வழக்கில் அதே விஷயம் நிலைக்க 2000 ஆனது. கர்னூல் மாவட்டம் கோயில்குண்ட்லா கிளைச் சிறையில், உயிருக்கு ஆபத்து என்று முன்கூட்டியே சொல்லியும் காவல் போடாமல், 1977 மே மாதம் குண்டு வீசியதில் அப்பா செத்தார், மகன் பிழைத்தார். மகன் போட்ட வழக்கு 23 வருஷம் கழித்து சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தது. கிடைத்தது 1,44,000 ரூபாய். சிட்டிபாபு இறந்து நாலே மாதத்தில் நடந்த சம்பவம் அது. அதற்கு இவ்வளவு காலம்.

திரும்ப ரிஜிஸ்டருக்கு வருகிறேன். 1894-ம் வருஷத்துச் சிறைச் சட்டம் 24-வது பிரிவு, உள்ளே வரும் கைதியின் உடல்நிலை, காயம், தழும்பு எல்லாவற்றையும் ஒரு புத்தகத்தில் பதியச் சொல்கிறது. நல்ல விதி. ஆனால் உள்ளே வந்த பிறகு விழும் காயத்தை எழுதுவதும் அதே ஆபீஸ்தான். எங்கள் தொழிலில், கோளாறான மெஷினிலேயே கிடக்கும் லாக்கை மட்டும் வைத்து முடிவுக்கு வராதே என்று புதுப் பையன்களுக்குச் சொல்லுவோம். லாக்கை வேறொரு இடத்துக்கு உடனுக்குடன் அனுப்பிவிடுவோம்.

2020 ஜூன் சாத்தான்குளம் எல்லோருக்கும் தெரியும். ஜெயராஜும் பென்னிக்ஸும் ஸ்டேஷனில் அடிபட்டார்கள். அரசு டாக்டர் சிறைக்கு அனுப்பலாம் என்று சான்றிதழ் கொடுத்தார். கோவில்பட்டி கிளைச் சிறையில் சேர்க்கும்போது எழுதிய பதிவில் காயங்கள் குறிக்கப்பட்டிருந்தன. ஒரே உடம்பு, இரண்டு காகிதம். இரண்டு மூன்று நாளில் இருவரும் இறந்தார்கள். மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்து மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனுக்கு அனுப்பியது. சிசிடிவி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி செட் செய்யப்பட்டிருந்தது என்று அவர் அறிக்கை தந்தார். இதைப் படித்த அன்று ஆபீஸில் எனக்கு வேலை ஓடவில்லை. அது டிஸ்க் நிரம்பி வந்த பிரச்சினை இல்லை, யாரோ உட்கார்ந்து செட்டிங்கை மாற்றியிருக்க வேண்டும். அந்த வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், ஸ்டேஷன் கேமரா பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சிட்டிபாபுவின் 11 மாதம் அதற்குள் அடங்கும்.

மத்திய சிறை நின்ற இடத்தில் இப்போது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் கட்டடம். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது வெள்ளைக் கோட்டுப் பசங்க கேட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். 2009-ல் அந்தப் பெரியவர் நின்ற இடம் எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இஸ்மாயில் ஆணைய அறிக்கையின் நல்ல அச்சுப் பிரதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பைகிராஃப்ட்ஸ் ரோடு பழைய புத்தகக் கடைகளில் சொல்லிவைத்து நாலு வருஷம் ஆகிறது. நானே ஸ்கேனரோடு வந்து, பக்கம் மடங்காமல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுகிறேன்.